தேயிலைக் கடைக்கு எந்த மென்பொருள்? தலவாக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: "அக்கா, நான் தலவாக்கலையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவும் நானும் தேயிலைத் தூள், மிளகு, கராம்பு, கறுவா, வீட்டில் செய்யும் ஜேம் எல்லாவற்றையும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போட்டு விற்கிறோம். மொத்தம் 14 சாமான். வாரத்துக்கு 25, 30 ஓடர் வரும். தீபாவளிக்கு முதல் அது இரண்டு மடங்காகி, யாருக்கு எதை அனுப்பினோம் என்றே தெரியாமல் போய்விட்டது. வெப்சைட் போடலாம் என்றால் மச்சான் ஷொப்பிஃபை எடு என்கிறான், கூடப் படித்தவன் வூகொமர்ஸ் இலவசம் என்கிறான், கொழும்பில் ஒரு கம்பெனி எங்களுக்கென்றே தனியாக மென்பொருள் எழுதித் தருவதாக 3 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கேட்கிறது. கனடாவில் இருக்கிற சொந்தக்காரர்களும் வாங்க முடியுமா என்று கேட்கிறார்கள். எதை எடுப்பது?"

தம்பி, முதலில் அந்தக் கொழும்புக் கம்பெனிக்கு முற்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். 14 சாமானுக்குத் தனியாக மென்பொருள் எழுத வேண்டிய தேவை எதுவும் இல்லை. உங்கள் நிலைமைக்கு என் பதில் வூகொமர்ஸ், அதாவது வேர்ட்பிரஸ் என்கிற வெப்சைட் மென்பொருளோடு சேர்த்து ஓடும் கடை மென்பொருள். ஆனால் உங்களோடு கூடப் படித்த கூட்டாளி சொன்ன "இலவசம்" என்கிற காரணத்துக்காக இல்லை, அது இலவசமும் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிற எல்லோரும் டிசைனில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எது வடிவாக இருக்கும், எதில் தீம் அதிகம். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: காசு எப்படி உங்கள் கைக்கு வருகிறது, பார்சல் எப்படி ஆளின் கைக்குப் போகிறது. வெளிநாட்டில் எழுதப்பட்ட "சிறந்த பத்து மென்பொருள்" கட்டுரைகள் நமக்குப் பெரிதாக உதவாததற்குக் காரணமும் இதுதான், அங்கே எல்லோரிடமும் கார்ட் இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் இலக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

காசை எடுத்துக்கொள்வோம். ஷொப்பிஃபை மாதக் கட்டணத்துக்கு எடுக்கும் கடை மென்பொருள், அதன் சொந்தப் பணம் வாங்கும் வசதி இலங்கையில் இல்லை. இணையத்தில் கார்ட் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப்பும் இங்கே கணக்குத் திறக்க விடுவதில்லை. பேபாலில் நாம் காசு அனுப்பலாம், வாங்கும் வசதி நெடுநாளாக இல்லை. ஆகவே எந்த மென்பொருளை எடுத்தாலும் பேஹியர், வெப்எக்ஸ்பே மாதிரியான உள்நாட்டு கேட்வே (கார்ட் காசை வாங்கி உங்கள் வங்கிக் கணக்கில் போடும் சேவை) ஒன்றையோ உங்கள் வங்கியின் கேட்வேயையோதான் பொருத்த வேண்டி வரும். அப்படி வெளி கேட்வே பொருத்தினால், கேட்வே எடுக்கும் கழிவுக்கு (கமிஷனுக்கு) மேலே ஷொப்பிஃபை தன் பங்குக்கும் ஒரு கட்டணம் எடுக்கும், பேசிக் திட்டத்தில் அது 2 சதவீதம். கேஷ் ஒன் டெலிவரிக்கும் (பார்சல் கைக்கு வரும்போது காசு கொடுப்பது) வங்கி வைப்புக்கும் இந்த 2 சதவீதம் இல்லை, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் மாதக் கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். மாதம் 30 டொலர் என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய் பில் இரண்டு மாதத்தில் 10,500 ஆகிவிடுகிறது, தேத்தூள் விலையை நீங்கள் அந்த வேகத்தில் ஏற்ற முடியாது.

வூகொமர்ஸில் கேஷ் ஒன் டெலிவரியும் வங்கி வைப்பும் ஆரம்பத்திலேயே உள்ளே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. வங்கி வைப்பு என்று ஆள் தெரிவு செய்தால் ஓடர் "நிறுத்தி வைப்பு" நிலையில் நிற்கும், அதே நேரத்தில் ஸ்டொக்கில் இருந்து சாமானைக் கழித்துவிடும். காசு வந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள்தான் அதை அடுத்த நிலைக்கு மாற்ற வேண்டும். வட்ஸ்அப்பில் வருகிற ஸ்லிப் படத்தைப் பார்த்து மாற்றாதீர்கள், கணக்கைத் திறந்து பார்த்து மாற்றுங்கள், பழைய ஸ்லிப்பில் திகதியை மாற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கேஷ் ஒன் டெலிவரி ஓடர் நேராக "செயலாக்கம்" நிலைக்குப் போய்விடும், ஆகவே பார்சல் கட்ட முதல் ஒரு தடவை போன் எடுத்து உறுதிப்படுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆள் வாங்காமல் திருப்பி அனுப்பினால் திரும்பி வருகிற செலவையும் உங்கள் தலையில் போடுகிற கூரியர்கள் உண்டு. கூரியரிடம் கணக்குத் திறக்கும்போதே இரண்டு விசயம் கேளுங்கள்: திரும்பி வந்தால் எவ்வளவு, வசூலித்த காசு எத்தனை நாளில் வங்கிக்கு வரும். வாரத்துக்கு 30 பார்சல் போகிற இடத்தில், காசு இரண்டு வாரம் அங்கேயே நின்றால் அடுத்த மூட்டை தேத்தூள் வாங்கக் கையில் எதுவும் இருக்காது.

அடுத்தது விலாசம். நம் பக்கத்தில் கடை போடுகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது இது, ஒருத்தரும் யோசிப்பதில்லை.

வூகொமர்ஸின் செக்கவுட் பக்கம், அதாவது ஆள் விலாசம் கொடுத்து ஓடரை முடிக்கும் பக்கம், வழமையாகக் கேட்பது: முதற்பெயர், குடும்பப் பெயர், கம்பெனி, தெரு, நகரம், தபால் குறியீடு, போன், மின்னஞ்சல். இப்போது தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிற ஒருவர் இதை எப்படி நிரப்புவார் என்று நினைத்துப் பாருங்கள். தெரு கிடையாது. வீட்டிலக்கம் பல இடத்தில் கிடையாது, இருந்தாலும் கூரியர்காரருக்கு அது விளங்காது. கடிதமே தோட்டத்து ஒபிசுக்கு வந்து அங்கிருந்துதான் கைக்குக் கிடைக்கிறது. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, கிட்டிய டவுன் எது, டவுனுக்கு வந்து வாங்குவார்களா, இதுதான் உண்மையான விலாசம். அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக வருகிற நம் ஆட்களுக்கு "குடும்பப் பெயர்" கட்டத்தில் என்ன எழுதுவது என்றும் குழப்பம். தபால் குறியீடு ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பண்டாரவளைக்கு 90100 என்று நமக்குத் தெரிந்தாலும் வாங்குகிறவரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டாயம் நிரப்பு என்று சிவப்பில் எழுதிக் காட்டினால் பக்கத்தை மூடிவிட்டுப் பழையபடி வட்ஸ்அப்புக்கே வருவார்கள்.

ஆகவே இந்தக் கட்டங்களை மாற்றுங்கள். பெயர் ஒரே கட்டம். தெரு இருந்த இடத்தில் "வீடு அல்லது தோட்டம், பிரிவு". நகரம் இருந்த இடத்தில் "பார்சல் எடுக்கக் கூடிய கிட்டிய டவுன்". தபால் குறியீடு விருப்பம் என்றால் போதும். போன் கட்டாயம். மின்னஞ்சல் கட்டாயமில்லை, ஏனென்றால் கட்டாயம் என்றால் ஆட்கள் வாய்க்கு வந்த எதையாவது அடித்துவிடுவார்கள், உங்கள் ஓடர் மின்னஞ்சலெல்லாம் எங்கேயோ போய்த் திரும்பி வரும். இதைச் செய்யும் இலவசப் பிளகின்கள் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) இருக்கின்றன, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 2023 கடைசியில் இருந்து புதிதாக நிறுவும் வூகொமர்ஸில் பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கும் பிளொக் முறை செக்கவுட்தான் வருகிறது, கட்டம் மாற்றும் பிளகின்களில் பல பழைய முறைக்கு எழுதப்பட்டவை. செக்கவுட் பக்கத்தில் இருக்கிற பிளொக்கை நீக்கிவிட்டு கிளாசிக் ஷோர்ட்கோட் என்ற சின்னக் குறியீட்டைப் போட்டால் பழைய முறை வந்துவிடும். உங்கள் கேட்வே பிளகின் எந்த முறையில் ஓடுகிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஷொப்பிஃபையில் போன் நம்பரை மட்டும் வைத்தே ஓடர் போட விடலாம், அந்த ஒரு விசயத்தில் அது நமக்கு வசதி. மற்றக் கட்டங்களை இந்த அளவுக்கு அதன் பேசிக் திட்டத்தில் மாற்ற முடியாது.

கனடா விசயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதுவும் விலாசத்தோடு சேர்ந்ததுதான். உங்கள் சொந்தக்காரர்களுக்குத் தேவை கனடாவில் இறங்குகிற தேயிலையா, அல்லது அங்கே காசு கட்டி இங்கே பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்கிற பார்சலா? என்னிடம் வருகிறவர்களில் அநேகம் பேர் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்புவதும் இதே கணக்குத்தான். வூகொமர்ஸில் விற்கும் நாடுகளும் அனுப்பும் நாடுகளும் தனித்தனி அமைப்பு: விற்பனை எல்லா நாட்டுக்கும், டெலிவரி இலங்கைக்கு மட்டும் என்று வைத்துவிடலாம். வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டை ஏற்கும் வசதியை உங்கள் கணக்குக்குத் திறந்து தருவார்களா என்று கேட்வேக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பழைய முறைச் செக்கவுட்டில் வேறு விலாசத்துக்கு அனுப்பு என்பதைத் தட்டினால் வாங்குகிறவரின் போன் நம்பர் மட்டும்தான் இருக்கும், பெறுகிறவரின் நம்பர் கேட்கும் கட்டமே கிடையாது. கூரியர்காரர் லிந்துலையில் நின்றுகொண்டு டொரொன்டோவில் தூங்குகிற ஆளுக்கு அடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கட்டத்தை நீங்களே சேர்த்து, கட்டாயம் என்று வையுங்கள்.

நிஜமாகவே கனடாவுக்குத் தேயிலை அனுப்பி வியாபாரம் செய்வதென்றால் அது வேறு வேலை. ஏற்றுமதிக்கு இலங்கைத் தேயிலைச் சபையில் பதிய வேண்டும். அதோடு இன்னொன்று, வாள் பிடித்த சிங்க இலச்சினையை இணையத்தில் இருந்து இறக்கி உங்கள் பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள். அது தேயிலைச் சபைக்குச் சொந்தமானது, அனுமதி வாங்கித்தான் போடலாம்.

நிறை. நம் கூரியர்கள் முதல் கிலோவுக்கு ஒரு விலை, பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு விலை என்றுதான் வாங்குகிறார்கள். ஒருவர் 400 கிராம் பி.ஓ.பி.எப். (ஒரு தேயிலைத் தரம்) இரண்டு பெக்கட்டும் 100 கிராம் மிளகும் எடுக்கிறார், 900 கிராம். கணக்கில் ஒரு கிலோவுக்குள் நிற்கிறது. பெக்கட் கவர், பெட்டி, உள்ளே திணிக்கிற கடதாசி, டேப் எல்லாம் சேர்ந்து தராசில் வைத்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும், இரண்டாவது கிலோவின் காசு உங்கள் இலாபத்தில் இருந்து போகும். ஆகவே ஒவ்வொரு சாமானின் நிறை என்ற இடத்தில் கட்டி முடித்த நிறையைப் போடுங்கள், பெட்டியின் பங்கையும் சேர்த்து. ஜேம் போத்தலுக்குக் கண்ணாடியின் நிறையை மறக்க வேண்டாம். நிறைக்கு ஏற்ற டெலிவரிக் கட்டணம் ஷொப்பிஃபையில் உள்ளேயே இருக்கிறது. வூகொமர்ஸில் அதற்கொரு பிளகின் வேண்டும். அது வேண்டாம் என்றால் நாடு முழுக்க ஒரே கட்டணம், இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வைத்துவிடலாம், 14 சாமானுக்கு அது போதும். ஒக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து ரோடு மூடுவது நமக்குப் புதிதில்லை, அதுவும் தீபாவளி ஓடர் குவிகிற நேரத்தில்தான் வரும். வூகொமர்ஸில் எல்லாப் பக்கத்திலும் தெரிகிற மாதிரி ஒரு வரி அறிவித்தல் போடும் வசதி இருக்கிறது, "ரோடு மூடியிருப்பதால் இரண்டு மூன்று நாள் பிந்தும்" என்று காலையில் போட்டுவிட்டால் பத்து போன் குறையும்.

இனி அந்த இலவசக் கதை. வூகொமர்ஸ் என்பது வேர்ட்பிரஸ் மேல் ஓடும் ஒரு பிளகின், மென்பொருளுக்குக் காசு இல்லை, உண்மைதான். ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் இடம்) டொமைனுக்கும் (தளத்தின் இணையப் பெயர்) வருடாவருடம் காசு. அதைவிடப் பெரிய செலவு ஆள். வேர்ட்பிரஸ், வூகொமர்ஸ், தீம், ஒவ்வொரு பிளகினும் அடிக்கடி அப்டேட் கேட்கும், செய்யாமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்து உங்கள் கடைப் பெயரில் சூதாட்டப் பக்கம் நடத்துவார்கள். அப்டேட் செய்த அன்று கேட்வே வேலை செய்யாமல் போவதும் நடக்கும். அப்ட்ராஃப்ட்பிளஸ் மாதிரி பெக்கப் பிளகின் ஒன்றைப் போட்டு பெக்கப் தானாக கூகுள் டிரைவுக்குப் போகிற மாதிரி வையுங்கள். ஹோஸ்டிங்கிலேயே பெக்கப்பை வைத்துக்கொண்டிருந்தால் ஹோஸ்டிங் விழுகிற நாளில் இரண்டும் சேர்ந்து போகும். எடுத்த பெக்கப்பை ஒரு தடவையாவது திருப்பிப் போட்டுப் பாருங்கள். இதையெல்லாம் யார் செய்வது? உங்கள் கூட்டாளி இலவசம் என்று சொன்னாரே, தீபாவளிக்கு முதல் வாரம் இரவு பத்து மணிக்குச் செக்கவுட் நின்றுவிட்டால் போனை எடுப்பாரா என்று அவரிடமே கேளுங்கள். எடுப்பார் என்றால் வூகொமர்ஸ். எடுக்கமாட்டார், உங்களுக்கும் இதில் பொறுமை இல்லை என்றால், நான் மேலே சொன்னதையெல்லாம் தாண்டி, மச்சான் சொன்னதைக் கேளுங்கள். டொலர் கட்டணத்தை ஒரு ஆளின் சம்பளம் என்று நினைத்துக் கட்டிவிட்டு நீங்கள் தேத்தூளைப் பாருங்கள். பராமரிக்க ஆளில்லாத வூகொமர்ஸ் கடையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தமிழ் விசயத்தில் இரண்டு வில்லங்கம். உங்கள் லேபிளெல்லாம் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், அந்தப் பைலில் இருந்து வெட்டி ஒட்ட முடியாது, பக்கத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து வரும். போனிலும் வெப்சைட்டிலும் பாவிக்கிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும், மாற்றிய பிறகும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். இரண்டாவது, சாமானின் பெயரைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் அதன் இணைப்பையும் தமிழிலேயே செய்யும். அதை வட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு, ஏதோ மோசடி லிங்க் மாதிரித் தெரியும். அந்த இணைப்புக்கு 200 எழுத்துத்தான் இடம், ஒரு தமிழ் எழுத்துக்குறி அதில் ஒன்பதைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே நீளமான பெயர் நடுவிலேயே வெட்டுப்பட்டும் போகும். பெயர் தமிழில் இருக்கட்டும், இணைப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக நீங்களே அடித்துவிடுங்கள். மும்மொழியில் முழுத் தளம் இப்போது வேண்டாம். சாமானின் பெயரை மூன்று மொழியிலும் போட்டால் சிங்கள வாடிக்கையாளர்களுக்கும் விளங்கும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

படங்கள் போனில் எடுத்தபடியே நாலு எம்பியாக ஏற்ற வேண்டாம், 200 கேபிக்குள் சுருக்குங்கள். உங்கள் கடையைச் செய்து தருகிறவர் அதைப் பெரிய திரையில் காட்டுவார், நீங்கள் பழைய அன்ட்ரொய்ட் போன் ஒன்றை எடுத்துக்கொண்டு சிக்னல் இரண்டு கோடு மட்டும் இருக்கிற இடத்தில் நின்று ஒரு ஓடர் போட்டுப் பாருங்கள்.

பலரும் விற்கும் இணையச் சந்தையான டராஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். அங்கே ஆட்கள் வருவார்கள், ஆனால் கழிவு போகும், பக்கத்திலேயே உங்களைவிடப் பத்து ரூபாய் குறைவாக இன்னொரு தேத்தூள் நிற்கும், வாங்கியவர் டராஸின் வாடிக்கையாளர், உங்களுடையவர் இல்லை. இரண்டு சாமானை அங்கே போட்டு வைப்பதில் தப்பில்லை. ஓபன்கார்ட் என்கிற இன்னொரு கடை மென்பொருளும் நல்லதுதான், ஆனால் அது தெரிந்த ஆளை ஹட்டன் பக்கத்தில் தேடிப் பிடிப்பதைவிட வேர்ட்பிரஸ் தெரிந்த ஆளைப் பிடிப்பது லேசு. மெஜென்டோ என்கிற மென்பொருள் பெரிய கம்பெனிகளுக்கு, விடுங்கள்.

கம்பெனிக்கு இல்லை என்று சொல்ல மனம் வராவிட்டால், அவர்களையே வூகொமர்ஸில் செய்து தரச் சொல்லி விலை கேளுங்கள், தொகை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். யாரிடம் கொடுத்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியப்பட வேண்டும். ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பெயரைத் தங்கள் கணக்கில் பதிந்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், பிறகு விலகி வரும்போது பெயரே போய்விடும், வாடிக்கையாளர் பட்டியலும் அதோடு போகும்.

இதெல்லாம் தொடங்க முதல் உங்கள் வியாபாரப் பெயர் பதிவு இருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இல்லையென்றால் பிரதேச செயலகத்துக்குப் போய் அதை இந்த வாரமே தொடங்குங்கள், கேட்வேக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் கேட்பார்கள், அது கையில் வரும்வரை கேஷ் ஒன் டெலிவரியையும் வங்கி வைப்பையும் வைத்தே கடையைத் திறந்துவிடலாம்.